கேள்வி பதில்: மைதானத்தை விட்டு மைதானத்துக்கே வந்தவர்கள்

கல்லூரியில் டிரிபிள் ஜம்ப் (ஓடிவந்து அடுத்தடுத்து மூன்று தாவலில் தாண்டுவது) தாண்டினேன். பிறகு இருபது வருஷமாக உடற்கல்வி ஆசிரியை, தடகளப் பயிற்சியாளர். ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளராக வருகிறவர்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காலேஜ் டீமில் நாலு வருஷம் ஓடினேன் மேடம். ஆடத் தெரிஞ்சா சொல்லித்தரவும் வந்துடும்தானே?

பதில்: வராது. அது தனியாகப் படிக்க வேண்டிய வித்தை. என் முதல் வருஷத்தில் ஒரு பெண், முதல் தாவலை உயரமாக எம்பிவிட்டு அடுத்த எட்டில் கால் மடங்கிப் பொத்தென்று விழுவாள். "முட்டியைத் தூக்கு, தூக்கு" என்று ஒரு மாதம் கத்தினேன். அவள் தூக்கியது முகவாயைத்தான். என் உடம்புக்குத் தெரிந்திருந்ததைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. கடைசியில் கத்துவதை விட்டுவிட்டுக் கையைத் தட்டினேன்: டக், டக், டக். மூன்றும் ஒரே இடைவெளியில். "உன் பாதம் இந்தச் சத்தத்தில் விழட்டும்" என்றேன். முதல் தாவல் தானாகத் தாழ்ந்தது, இரண்டாவது நீண்டது. அன்றைக்குத்தான் நான் வாத்தியாரானேன்.

கேள்வி: அப்போ பெரிய வீரர்கள் நல்ல கோச் ஆனதே இல்லையா?

பதில்: ஆகியிருக்கிறார்கள், கற்பிக்கக் கற்றுக்கொண்ட பிறகு. அமெரிக்காவின் ஜான் வுடன் பர்டியூ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து நட்சத்திரம். 1932இல் படிப்பை முடித்துப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே அணியையும் பார்த்துக்கொண்டார். 1948இல் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனவருக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1964இல். அதையும் சேர்த்து 12 வருஷத்தில் 10 பட்டம்! சாக்ஸில் சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும் என்று, அதைப் போடுவதிலிருந்தே பாடம் தொடங்குவார். 1974-75இல் அவருடைய 15 பயிற்சிகளில் உட்கார்ந்து இரண்டு உளவியலாளர்கள் அவர் பேச்சைக் குறித்தார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டு நூற்றுக்கு ஏழுகூட இல்லை, அதிருப்தியும் அப்படித்தான்.

கேள்வி: எனக்கு ஓடினா முட்டிக்குக் கீழே வலிக்குது, என்ன பண்ணலாம்?

பதில்: பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பார்க்காமல் நான் சொல்லக் கூடாது.

கேள்வி: லேட்டா வர்ற பசங்களுக்கு எத்தனை ரவுண்டு கொடுக்கலாம்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள். எங்கே போனாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்க அப்படி ஓடித்தான் மேடம் ஆளானோம். நீங்க பிள்ளைங்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கறீங்க.

பதில்: நானும் அப்படி ஓடியவள்தான். தாக்குப்பிடித்த நாம் பேசுகிறோம். வெறுத்துப் போய்விட்டவர்கள் பேச இங்கே இல்லை. உடம்பின் பக்கமும் பாருங்கள். பழகாத உடம்பை நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடவைத்தால் தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலக்கும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும், சிறுநீரகமே செயலிழக்கலாம். கடும் வெயிலில் ஓடியவன் பேச்சுக் குழறித் தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தலையைத் தாங்கிப் பிடித்தபடி உடனே உடம்பைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் வண்டி.

கேள்வி: பத்து புஷ் அப் மட்டும்னா பரவாயில்லையா?

பதில்: மேலே சொன்னதேதான். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அப்புறம் ஒழுக்கம் எப்படி மேடம் வரும்?

பதில்: இது நியாயமான கேள்வி. தாமதமாக வந்தவன் வார்ம் அப்பை முழுசாக முடிக்கட்டும். அதுவரை ரிலே பேட்டன் அவன் கைக்குப் போகாது. பயிற்சி முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, ஏன் தாமதம் என்று கேளுங்கள். மூன்று வாரம் நான் ரவுண்டு ஓடவைத்த ஒரு பையன், தினமும் தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் அம்மா வந்து சொன்ன அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

கேள்வி: ஸ்குவாட் கொடுத்தா?

பதில்: வேண்டாம். இதற்கு இனி பதில் இல்லை.

கேள்வி: அடுத்த வாரம் முதல் நாள் வேலைக்குப் போறேன்க்கா. என்ன எடுத்துட்டுப் போகணும்?

பதில்: விசில், முதலுதவிப் பெட்டி, ஐஸ், ஒரு நோட்டு. அன்றைய பயிற்சியை நிமிஷக் கணக்கில் எழுதிக்கொண்டு போ. பிள்ளைகளின் பெயர்களை முந்தின ராத்திரியே படித்துவிடும்மா.