நாயகிக்கு என்ன ஆசை?

கேள்வி: சிறுபான்மைச் சமூகத்துப் பெண்ணைக் காதல் நகைச்சுவைப் படத்தின் நாயகியாக்கினாலே அந்தச் சமூகத்துக்கு இடம் கொடுத்ததாக ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. அவள் யார் என்பதைப் பெயரும் உடையுமே காட்டிவிடும். அவளுக்கு என்ன ஆசை என்பதைத் திரைக்கதைதான் சொல்ல வேண்டும். 2002இல் வந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ பார்த்திருக்கிறீர்களா? கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த நியா வர்டலோஸ், தன் குடும்பத்துக் கதையை முதலில் தனிநபர் நாடகமாக மேடையேற்றினார். பிறகு அவரே திரைக்கதை எழுதி நாயகியாகவும் நடித்தார். எந்த உபாதைக்கும் கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளிக்கும் அப்பா அதில் வருவார். வெளியாள் எழுதியிருந்தால் அது வெறும் கேலியாகப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்பாவின் உணவகத்தில் சலித்துப்போய்க் கிடக்கும் நாயகி டூலா, காதல் தொடங்குமுன்பே கல்லூரியில் சேர்கிறாள், டிராவல் ஏஜென்சி வேலைக்கு மாறுகிறாள். அந்த யோசனை தன்னுடையதுதான் என்று அப்பாவையே நம்பவைத்து அம்மா சம்மதம் வாங்கும் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாயகியின் சமூகத்தையே சிறையாக்கி, வெளியிலிருந்து வரும் காதலன் அவளை மீட்டுப்போவதாக எழுதும் கதைகள்தான் எனக்கு ஆகாதவை. டூலாவுக்காகக் காதலன்தான் கிரேக்கத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெறுகிறான்.