இயந்திரம், கேள்வி பதில்: ஃபில்டர் வேறு, ஃபிளேம் அரெஸ்டர் வேறு

கே: தொண்டிக் கடலில் ஓட்டுவதற்காகப் பழைய யமஹா சூப்பர்ஜெட் 701 வாங்கியிருக்கிறோம். நின்றுகொண்டு ஓட்டும் வகை நீர் ஸ்கூட்டர், இரட்டைக் கார்புரேட்டர். காற்றுப் பெட்டி விரிசல் விட்டுக் கிடக்கிறது. கார் கடையில் விற்கும் கூம்பு ஃபில்டரை மாட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?
- ஒரு வாசகர், காரைக்குடி

ப: மாட்டாதீர்கள். ஃபில்டர் தூசியைத்தான் நிறுத்தும், தீயை நிறுத்தாது. எஞ்சின் ‘பேக்ஃபயர்’ அடித்தால் சுடர் கார்புரேட்டர் வழியாகப் பின்னோக்கி வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய ஹல்லின் (வண்டியின் உடற்கூடு) அடியில் தங்கிவிடும், வெளியேற வழி இருக்காது. ஸ்பாஞ்சும் காகிதமும் தானே பற்றிக்கொள்ளும் பொருள்கள், அவற்றை அங்கே வைக்கலாமா?

ஃபிளேம் அரெஸ்டர் என்பது நெருக்கமாக மடித்த உலோகத் தகடு அல்லது கம்பிவலை. எரியும் காஸ் அடுப்புக்கு மேலே மெல்லிய கம்பிவலையைப் பிடித்துப் பாருங்கள். சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும், வலை சூட்டை இழுத்துக்கொள்வதால். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்குக்குக் கண்ட வழி இதுதான். அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகுக்குள் பொருத்திய பெட்ரோல் எஞ்சின்களுக்கு இது சட்டப்படிக் கட்டாயம். வாங்கும்போது அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் அனுமதி எண்ணோ, ‘எஸ்ஏஇ ஜே-1928’ அல்லது ‘யுஎல் 1111’ முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். டீ வடிகட்டி வலையை வெட்டி ஒட்டுவதெல்லாம் வேண்டாம்.

அடுத்தது அளவு. உங்கள் கார்புரேட்டர் 38 மி.மீ. அளவுள்ள ‘மிகுனி’ நிறுவனத்தினுடையதா, யாரோ மாற்றிய 44 மி.மீ.-ஆ என்று முதலில் உறுதி செய்யுங்கள். அரெஸ்டரைக் கார்புரேட்டரோடு இணைக்கும் அடாப்டர் தகடு அதற்குப் பொருந்த வேண்டும். நின்று ஓட்டும் வண்டியில் ஹுட்டுக்கு (எஞ்சின் மூடி) கீழே இடம் மிகக் குறைவு. அரெஸ்டரின் உயரத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி வெட்டி வைத்து, அதன் தலையில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி ஹுட்டை மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் இடைவெளி. காற்று நுழையும் முகம் ஹுட்டையோ பக்கச்சுவரையோ உரசி நின்றால், விலை உயர்ந்த அரெஸ்டரும் மூச்சுமுட்டும்.

சில வகைகளை மாட்டினால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு திறக்க இடமிருக்காது. அப்போது சோக்கைக் கழற்றிவிட்டு, கையால் பெட்ரோலை உள்ளே செலுத்தும் பிரைமர் பம்ப் வைக்க வேண்டும். சோக் தண்டு போன துளைகளை அடைக்க மறக்காதீர்கள். அடாப்டர் திருகுகள் ஒவ்வொன்றுக்கும் நீல நிற திரெட் லாக்கர் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போடுங்கள். கழன்ற திருகு நேரே எஞ்சினுக்குள்தான் விழும்.

பந்தயத்துக்கு இல்லையென்றால் என் வாக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய அசல் காற்றுப் பெட்டிக்கே. அதற்குள் அரெஸ்டர் உண்டு, தண்ணீர்த் தெறிப்பையும் தடுக்கும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் தொட வேண்டியதில்லை.

கே: அசல் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த அரெஸ்டர் போட்டோம். இழுவை கூடியது. அரை மணி நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. மட்டமான பொருளா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

ப: பொருளைக் குறை சொல்ல வேண்டாம். காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. கலவை மெலிந்தால் குளிர்ச்சியும் மசகும் சேர்ந்தே குறையும். பிடிப்பதற்கு முன் அது கொஞ்ச நேரம் பிரமாதமாக இழுக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மெயின் ஜெட்டை இரண்டு படி பெரிதாக்கி, முழு வேகத்தில் பெட்ரோல் அளவைத் திருத்தும் ஹை-ஸ்பீடு திருகைக் கால் சுற்று கூடுதலாகத் திறந்து தொடங்குங்கள். தண்ணீரில் முழுத் திராட்டிலில் 10, 15 விநாடி ஓட்டி, திராட்டிலை விடாமலே எஞ்சினை நிறுத்தும் கயிற்றை இழுத்து நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் மெலிவு, இளம்பழுப்பு சரி, கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். கூடுதலில் தொடங்கி மெல்ல இறங்குங்கள், எதிர்த்திசையில் போகாதீர்கள். அடாப்டர் கேஸ்கெட் கசிந்தாலும் இதே கதைதான். ஆயில் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. புதுப் பிஸ்டனுக்கு முதல் டேங்க் மட்டும் லிட்டருக்கு 40 மில்லி.

கே: வண்டி வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. செம்மண் தூசி அரெஸ்டரில் ஏறுகிறது. எப்படிக் கழுவுவது?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

ப: கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். கம்பி பிரஷ் கூடாது, மடிப்பு கிழியும். வலையில் ஓட்டையோ நசுங்கலோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள், தீ அந்த வழியாகத்தான் நுழையும். கடலில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் எஞ்சினையும் அலசுங்கள். எஞ்சினை ஓடவிட்ட பிறகே குழாயைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது குழாய் முதலில். ஓடாத நாட்களில் கார்புரேட்டர் வாயை ஒரு துணியால் மூடி வையுங்கள். எடுக்க மறக்காமலிருக்க ஹேண்டிலில் ஒரு சிவப்பு நாடா கட்டுங்கள்.