நகையை அடகு வைத்து நாவல் போடலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். நாவலாசிரியனாக ஆசைப்படும் ஒருவன் பதிப்பகம் பதிப்பகமாக அலைவதை நகைச்சுவை நாவலாக எழுதியிருக்கிறேன், 420 பக்கம். நவம்பரில் நான்கு பதிப்பகங்களுக்கு முழுப் பிரதியையும் அனுப்பினேன். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் "நகைச்சுவை இப்போது போகாது" என்றார். இப்போது இன்னொருவர் 65,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), வெளியீட்டு விழா எல்லாம் செய்து தருவதாகச் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாம் என்கிறாள் மனைவி. கட்டலாமா? இரண்டு அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்: கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

எழுத்தாளரிடம் பணம் வாங்குகிறவருக்கு லாபம் அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது, அப்புறம் உங்கள் புத்தகம் ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுமில்லை. ஐஎஸ்பிஎன் என்பதை ஏதோ பெரிய சலுகை மாதிரி சொல்லியிருக்கிறார். இந்தியாவில் அது இலவசம், டெல்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். 300 பிரதிகளை எந்தக் கடையில் வைப்பார், விற்ற கணக்கை எப்போது காட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராவிட்டால் அந்தப் பெட்டிகள் உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் வந்து சேரும். சொந்தச் செலவில்தான் போட வேண்டும் என்று ஒருநாள் நீங்களே முடிவு செய்தால் அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை, ஆனால் தேவைக்கு அச்சிடும் முறையில் ஐம்பது பிரதி போட்டுப் பாருங்கள், அதற்கு நகை தேவைப்படாது.

சரி, மூன்று பேர் ஏன் பதில் போடவில்லை? தமிழில் பல பதிப்பகங்கள் இரண்டு மூன்று பேரை வைத்து ஓடுபவை. கதை படிப்பவரே மெய்ப்பும் பார்ப்பார், கடைக்குப் பார்சலும் கட்டுவார். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டிய மாதங்களில், அதாவது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நீங்கள் அனுப்பியதோ நவம்பரில், அதுவும் 420 பக்கத்தையும் மொத்தமாக. பிப்ரவரிக்கு மேல் அனுப்புங்கள். முதல் மூன்று அத்தியாயம், ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், அவ்வளவு போதும், யூனிகோடில் இருக்கட்டும். உங்கள் ஊரிலேயே ஆகஸ்டில் புத்தகத் திருவிழா நடக்கிறதே, கூட்டம் இல்லாத ஒரு மத்தியான வேளையில் போய் ஒவ்வொரு அரங்கிலும் யார் நாவல் போடுகிறார்கள், யார் பள்ளிப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு நாவல் வாங்கிப் படியுங்கள். பல அரங்குகளில் பதிப்பாளரே உட்கார்ந்திருப்பார், பேசலாம்.

நகைச்சுவை போகாது என்று சொன்னவரின் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் சிரிப்பு நாவல்கள் பெரும்பாலும் வாரப் பத்திரிகைத் தொடர்களாக வளர்ந்தவை, நகைச்சுவை எழுத்தாளர் தேவன் ஆனந்த விகடனில் எழுதியதை வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். அந்தத் தொடர்களுக்கான இடம் சுருங்கிவிட்டதால், நகைச்சுவைக் கையெழுத்துப் பிரதி நேராக மேசைக்கு வரும்போது அதை என்ன செய்வதென்று பதிப்பாளருக்குத் தெரிவதில்லை. வாசகர்கள் எங்கும் போய்விடவில்லை.

இப்போது நாவலுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். ஏழாம் அத்தியாயத்தில் உங்கள் நாயகன் சிவராமன் பிரதியைப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோகிறான், பார்சல் கட்டும் பையன் அதை வாங்கித் தராசில் வைத்து "ஒன்றே கால் கிலோ, சாதாரணத் தபாலா கூரியரா?" என்று கேட்கிறான். வாய்விட்டுச் சிரித்தேன். பையன் அவன் வேலையை ஒழுங்காகச் செய்கிறான், சிவராமனும் மரியாதையாகத்தான் நிற்கிறான், ஆனால் ஐந்து வருட உழைப்பு எடையாகிவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் அதே சிவராமன் நான்கு பக்கத்துக்குத் தமிழ்ச் சமூகம் எழுத்தாளனை மதிக்காததைப் பற்றிப் பேசுகிறான், அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது, ஏனென்றால் அங்கே பேசுவது நீங்கள். உங்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, சிவராமன் எப்போதும் சரி, பதிப்பாளர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று வைத்திருக்கிறீர்கள். அந்தப் பதிப்பாளரின் பின்னறையைத் திறந்து காட்டுங்களேன். விற்காமல் திரும்பி வந்த கட்டுகள், அரசு நூலகங்கள் வாங்குவதற்கான ஆணைக்குக் காத்திருக்கும் பட்டியல், அச்சகத்துக்குத் தர வேண்டிய பாக்கி, எல்லாம் அங்கே இருக்கிறது. சிவராமன் அந்தப் பதிப்பகத்தின் ஒரு புத்தகத்தையாவது காசு கொடுத்து வாங்கியிருக்கிறானா? அதை அவர் கேட்கட்டும், அவன் திணறட்டும். இரண்டு பேரும் கஷ்டத்தில் இருப்பவர்கள், இருவருக்கும் மற்றவரிடமிருந்து ஏதோ வேண்டியிருக்கிறது, அப்போது பேச்சு தானாகச் சூடுபிடிக்கும். 420 பக்கம் 300 ஆகிவிடும் என்று நினைக்கிறேன். நாவலுக்கும் அது நல்லது, பதிப்பாளரின் தாள் செலவும் குறையும்.

யாராவது ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ராயல்டி, அதாவது விற்கும் பிரதிகளில் உங்களுக்கு வரும் பங்கு, வழக்கமாகப் பத்து சதவீதம். எத்தனை வருடத்துக்கு உரிமை தருகிறீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், அதைக் குறிப்பிடாவிட்டால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள். மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமை மூன்றையும் அச்சு உரிமையோடு சேர்த்து ஒரே வரியில் எழுதியிருந்தால் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.