ஜிஆர்இ கணக்கு தெரிந்தும் நேரம் போதவில்லையே, என்ன செய்வது?

தர்மபுரியில் பி.இ. முடித்துவிட்டு வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிப்பதாகவும், கணக்கு தெரிந்தும் நேரம் போதவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் பகுதியில் மொத்தம் 27 கேள்விக்கு 47 நிமிடம். ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது.

அதனால் சமன்பாடு எழுதுவதைக் குறைத்து, எண்ணைப் போட்டுப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 60-ல் திரும்புகிறது. சராசரி வேகம்? 50 என்று கை தானாகப் போகும். தவறு. தூரம் சொல்லவில்லையே என்று தயங்க வேண்டாம். 40, 60 இரண்டாலும் வகுபடும் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம். ஆக, 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், விடை 48. மெதுவாகப் போகும்போதுதான் அதிக நேரம் சாலையில் இருக்கிறோம், அதனால் சராசரி 40 பக்கம் சாய்கிறது.

அப்புறம் ஒப்பிடும் கேள்விகள். 0-வைவிடப் பெரிய ஓர் எண், அதன் வர்க்கம்: எது பெரிது? 2 போட்டால் வர்க்கம் பெரிது. அரை போட்டால் கால்தான் வரும், எண்ணே பெரிது. ஆகவே 'தீர்மானிக்க முடியாது' என்பதே விடை. நன்றாகப் படிப்பவர்கள்கூட முழு எண்ணோடு நிறுத்திவிட்டு இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

திரையில் கால்குலேட்டர் உண்டு. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.