நாய்த் தட்டில் என்ன விழுகிறது? பயனீட்டாளர் கேள்வி-பதில்

தீபாவளி முடிந்தால் மிச்சப் பலகாரம் பற்றிக் கடிதம் வரும். இந்த ஆண்டு எல்லாம் நாய்க் கடிதங்கள். சுருக்கியிருக்கிறேன், திட்டு வாங்குகிறவர்களின் பெயரை விட்டுவிட்டேன்.

கேள்வி: பாயசத்துக்கு வாங்கிய உலர்ந்த திராட்சை அரைப் பாக்கெட் மிச்சம். நாய்க்குப் போடலாமா? (லிந்தாங்)

பதில்: கூடாது. பச்சையோ உலர்ந்ததோ, திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாய் கைப்பிடி தின்றும் சும்மா இருக்கும், இன்னொன்று நாலைந்து பழத்திலேயே படுத்துவிடும். முதல் நாள் வாந்தி. அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீரே வராமல் போகலாம். டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களும் பதிவாகியிருக்கின்றன. ரசத்தையும் புளிக்குழம்பையும் நீங்களே சாப்பிட்டுத் தீருங்கள்.

கேள்வி: எங்கள் நாய் தினமும் மைலோ குடிக்கிறது. ரொம்பப் பிடிக்கும். பரவாயில்லையா? (சுங்கை சிப்புட்)

பதில்: நீங்கள் ஊற்றுவதால் குடிக்கிறது. கோகோவும் சீனியும் நாய்க்கு எதற்கு? நிறுத்துங்கள். கறுப்புச் சாக்லேட்டும் கோகோத் தூளும் இன்னும் மோசம், இதயத்தைத் தாக்கும்.

கேள்வி: டவுன் கடையில் 5 கிலோ நாய்த் தீனி வாங்கினேன், 28 வெள்ளி. வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டியது. பாதி போட்ட பிறகுதான் அடியில் பச்சைப் பூஞ்சையைப் பார்த்தேன். நாய்க்கு இரண்டு நாள் வாந்தி, மருத்துவருக்கு 160 வெள்ளி. கேட்டால் கடைக்காரர் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுகிறார். நான் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். அந்தப் பணம் எனக்குப் பெரிசு. (ஜாலோங்)

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பும் இல்லை. விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். சுவரில் எதை ஒட்டினாலும் கடைக்காரர் அதிலிருந்து நழுவ முடியாது. மிச்சத் தீனியை நாய்க்கு எட்டாத இடத்தில் கட்டி வையுங்கள், வீசிவிடாதீர்கள். படம் எடுங்கள். மருத்துவர் ரசீது பத்திரம். கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில், அதாவது எழுத்தில், பணத்தைக் கேளுங்கள். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனு போட 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கேட்க முடிகிற இடத்தில் 188 வெள்ளி கேட்கக் கூச்சப்படாதீர்கள். மருத்துவச் செலவையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தப் பிரித்துக் கட்டும் வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்கு எரியும். பெரிய மூட்டையைக் கிழித்துக் கிலோ கிலோவாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். காலாவதித் தேதி, உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது எல்லாம் மூட்டையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. நம் ஊர்ச் சூட்டில் அந்தத் தீனி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஈரம் ஏறினால் பூஞ்சை. சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கக்கும். அது கல்லீரலைத் தின்னும், வெயிலில் காயப்போட்டாலும் போகாது. அமெரிக்காவில் 2020 கடைசியில் இந்த நஞ்சு கலந்த தீனியை நிறுவனமே திரும்பப் பெற்றது. நூற்றுக்கு மேற்பட்ட நாய்களின் சாவுக்கு அது காரணமாக இருக்கலாம் என்று அரசுத் துறை அறிவித்தது. மூட்டையில் பெயரும் தேதியும் இருந்ததால் அங்கே தேடிப் பிடிக்க முடிந்தது. இங்கே பெயரில்லாத பையை யார், எதைப் பார்த்துத் திரும்பப் பெறுவது? சின்னப் பொட்டலம் வாங்குகிறவர்கள் கையில் காசு குறைவானவர்கள். அவர்கள் தலையில்தான் இதைக் கட்டுகிறார்கள்.

கேள்வி: குழம்புச் சோறு தின்றே எங்கள் நாய் வளர்ந்தது. வெங்காயம் ஆகாது என்கிறார்களே? (கோல கங்சார்)

பதில்: ஆகாதுதான். வெங்காயமும் பூண்டும் இரத்தத்தின் சிவப்பு அணுக்களை உடைக்கும்; வேகவைத்தாலும் அந்தக் குணம் மாறாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும். பூண்டு இன்னும் கடுமை. சோர்வு, வெளுத்த ஈறு, கறுத்த சிறுநீர் எல்லாம் சில நாள் கழித்தே தெரிவதால் யாரும் குழம்பைச் சந்தேகிப்பதில்லை. "இயற்கை முறையில் உண்ணி விரட்டும்" என்று ஒரு நாய் பிஸ்கட்டை 38 வெள்ளிக்கு நானும் வாங்கினேன். பின்பக்கத்தில் மூன்றாவது பொருள் பூண்டுத் தூள். உண்ணி அப்படியே இருந்தது. கோழியை வேகவைத்ததும், மசாலா போடுவதற்கு முன், எலும்பில்லாமல் கொஞ்சம் எடுத்து வெறும் சோற்றில் பிசையுங்கள். பூசணி, கேரட், அவித்த முட்டை, விதை நீக்கிய பப்பாளி இவையும் சேரும்.

கேள்வி: சீனி இல்லாத சூயிங்கம் ஆன்லைனில் மலிவாக வாங்கினேன். நாய் ஒரு பாக்கெட்டைத் தின்றுவிட்டது. உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், என்ன பெயர் என்று நினைவில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா? (ஊர் வேண்டாம்)

பதில்: இதைக் கடிதம் எழுதியா கேட்பது? அதில் சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாடி, வலிப்பு வரும், அடுத்து கல்லீரல். இராத்திரியில் மருத்துவரைத் தேடி ஈப்போ வரை ஓடுவதற்குள்ளேயே காலம் போய்விடும். பார்த்த நிமிடமே மருத்துவரை அழைத்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அந்த உப்பே கொல்லும். உறையைக் குப்பையில் தேடுங்கள்; சேர்பொருள் பட்டியலில் 967 என்ற எண் இருந்தாலும் சைலிட்டால்தான். மலிவாக வாங்கியது இருக்கட்டும், வாங்கியது என்னவென்று படிக்கவாவது கூடாதா?

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து கோழி எலும்பு போடுகிறோம். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆகும்போது எழுதுங்கள்.

கேள்வி: டுரியான்? (சுங்கை சிப்புட்)

பதில்: சுளையில் ஒரு வாய் போனால் ஒன்றுமில்லை. கொழுப்பும் சீனியும் அதிகம், வழக்கமாக்காதீர்கள். கொட்டையை விழுங்கினால் குடலில் அடைக்கும், எண்ணிப் பொறுக்குங்கள். டுரியான் விற்கிற விலைக்கு அதை நாய்க்குப் போடுகிறவர் யார் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.