வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில் – ஹெட் கெஸ்கட்

கேள்வி: பதுளைக்குக் காரில் சென்றபோது லுணுகலை ஏற்றத்தில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒருவாறு ஊர் திரும்பிவிட்டோம். அதன் பின்னர் வெளியே ஒரு துளியும் கசியாமலே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. ஒரு கராஜில் ஹெட் கெஸ்கட்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கராஜில் ரேடியேட்டருக்குள் ஊற்றும் கசிவடைப்பு மருந்தே போதும் என்கிறார்கள். எதைச் செய்வது? – வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம், முதலில் பரிசோதனையைக் கேளுங்கள். எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய தகடுதான் ஹெட் கெஸ்கட். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம், ஓயில், குளிர்நீர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து வைப்பது அதன் வேலை. முழு வேகத்தில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் 50 பாரைத் (பார் – அழுத்தத்தின் அலகு) தாண்டக்கூடும். பக்கத்திலேயே ஓடும் குளிர்நீரின் அழுத்தமோ ஏறத்தாழ 1 பார். இந்த இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீற்றர் அகலமான விளிம்பு மட்டுமே நிற்கிறது.

அந்தத் தகடு பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பாலும் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. வழமையான சூட்டில் கெஸ்கட் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். எஞ்சின் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்து, அந்த இடத்தில் கெஸ்கட்டின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே உங்கள் எஞ்சின் ஏன் கொதித்தது என்பதற்கு விடை காணாமல் கெஸ்கட்டை மட்டும் மாற்றினால், அதே ஏற்றத்தில் அதே முள் மீண்டும் சிவப்பைத் தொடும். மின்விசிறி உரிய நேரத்தில் சுழல்கிறதா, சூடேறியதும் குளிர்நீருக்கு வழிவிடும் தேர்மோஸ்டாட் திறக்கிறதா, ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கிறதா, மூடியின் ரப்பர் அழுத்தத்தைப் பிடிக்கிறதா, வோட்டர் பம்ப் சீராக இருக்கிறதா என ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிபிலைக்கு இப்பால் சமதரையில் தெரியாத குறை, செங்கலடி – பதுளை வீதியின் மலைப்பகுதியில்தான் வெளிப்படும்.

கெஸ்கட் போய்விட்டதா என்பதை உறுதிசெய்ய எளிய வழிகள் உள்ளன. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால், சிலிண்டர் வாயு குளிர்நீருக்குள் புகுவதாயின் குமிழ்கள் விடாமல் மேலெழும். ரேடியேட்டர் வாயில் பொருத்தும் சோதனைக் குழாயிலுள்ள நீல நிறத் திரவம், பெற்றோல் எஞ்சினின் எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாக மாறும். அந்தச் சோதனைக்கு எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. கொம்பிரஷனை (சிலிண்டருக்குள் எழும் அமுக்க அழுத்தத்தை) அளக்கும்போது அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே கெஸ்கட் அறுந்திருப்பதாகக் கொள்ளலாம். ஓயில் மூடியின் அடியில் பால்போன்ற படிவு இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்: குறுந்தூரமே ஓடும் கார்களில் ஈரப்பதத்தாலும் அது வரும். டிப்ஸ்டிக்கிலும் (ஓயில் அளவுக்கம்பி) ஓயில் பால்போல இருந்தால், எஞ்சினை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள், ஏனெனில் தண்ணீர் கலந்த ஓயில் பெயரிங்குகளைத் தேய்த்துவிடும்.

கசிவடைப்பு மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஓட்டையை அடைக்கும் அதே வேளையில் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். கொதிப்புக்கான காரணத்தைக் கூட்டி வைக்கும் மருந்தை யாரும் விலைகொடுத்து வாங்கக் கூடாது.

கேள்வி: கடந்த ஆண்டு கெஸ்கட் மாற்றினேன். சில மாதங்களிலேயே மீண்டும் போய்விட்டது. தரமற்ற கெஸ்கட்டா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் ஐயுறுவது ஹெட்டின் மட்டத்தையும் போல்ட்டுகளையும்தான். ஹெட்டைக் கழற்றியபின் நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான், ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு. கண்ணால் பார்த்து "நேராக இருக்கிறது" என்று எவராலும் சொல்ல முடியாது. எல்லையை மீறியிருந்தால் லேத் பட்டறையில் சீவி மட்டப்படுத்த வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்ற அழுத்தச் சோதனையையும் அங்கேயே செய்துகொள்ளலாம். பழைய கெஸ்கட்டின் எச்சத்தை முரட்டு உராய்வுத் தாளால் தேய்த்து எடுத்திருந்தால் அதுவும் குற்றமே, ஏனெனில் இக்காலத்துப் பல அடுக்கு உருக்கு கெஸ்கட்டுகளுக்கு மிக வழுவழுப்பான தளம் வேண்டும்.

போல்ட்டுகளைப் பொறுத்தவரை, இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் முதலில் டோர்க் (முறுக்குவிசை) அளவுக்கும், பின்னர் குறிப்பிட்ட பாகை அளவுக்கும் முறுக்கும் வகையே பயன்படுகிறது. முறுக்கும்போது அவை நீண்டுவிடுவதால், பழையவற்றைத் திரும்பப் பூட்டினால் உரிய இறுக்கம் கிடைக்காமல் போகலாம். தயாரிப்பாளரின் கைநூல் மாற்றச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். போல்ட் துளைக்குள் ஓயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது: அது பொய்யான இறுக்கத்தைக் காட்டும், சில வேளை பிளாக்கையே வெடிக்கச் செய்யும். பெரும்பாலான எஞ்சின்களில் நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, சில கட்டங்களாக முறுக்க வேண்டும். டோர்க் ரென்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கையனுபவம் எவ்வளவு பெரிதாயினும் அந்தக் கருவிக்கு ஈடாகாது. பூட்டி முடித்ததும் ஓயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதோடு, குளிர்நீர்ப் பாதையிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

கேள்வி: பனி உறையாத நம் ஊரில் கூலன்ட் எதற்கு? கிணற்றுத் தண்ணீர் போதாதா? – வாசகர், காத்தான்குடி

பதில்: போதாது. குளிர்நீரில் கலக்கும் திரவமான கூலன்ட், அது உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது, உலோகம் அரிப்பதையும் தடுக்கிறது. நமக்கு வேண்டியவை பின்னிரண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள நம் கரையோர ஊர்களில் பல கிணறுகள் உவர்ப்பானவை. அந்த உப்பிலுள்ள குளோரைட்டு அலுமினியத்தைத் துளைத்துக் குழியாக்கும். கெஸ்கட் அமரும் தளத்தின் நீர்த்துளைகளைச் சுற்றி அரிப்பு ஏற்பட்டால், புதிய கெஸ்கட்டும் அங்கே பிடிக்காது. கைநூல் கூறும் வகைக் கூலன்டை, காய்ச்சி வடித்த நீருடன் பெரும்பாலும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். வெவ்வேறு வகைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். ஏற்கெனவே கிணற்றுத் தண்ணீர் ஓடியிருந்தால், வடியும் நீரில் துரு நிறம் நீங்கும்வரை உள்ளே கழுவிய பின்னரே கூலன்ட் ஊற்ற வேண்டும்.