பையனைப் பெல்ட்டால் அடிக்கும் கணவர்: புகார் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் அரசு ஊழியர். மகனுக்கு 9 வயது. மார்க் குறைந்தால் பெல்ட்டால் அடிக்கிறார். போன மாதம் தொடையெல்லாம் தடித்துவிட்டது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பையன் இப்போது படுக்கையை நனைக்கிறான். பைக் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறான். நானும் கோபத்தில் இரண்டு அடி போட்டதுண்டு, ஆனால் இப்படி இல்லை. பத்து வருடமாக மாமியாரின் ஏச்சு, என் நகையை அடகு வைத்தது என எல்லாவற்றையும் பொறுத்தேன். இப்போது பையனோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். போக்ஸோவில் புகார் கொடுத்தால் உடனே உள்ளே போடுவார்கள் என்கிறார் அண்ணன். கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: கூடாது. போக்ஸோ குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். நடக்காததை எழுதிக் கொடுத்தால் அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு உங்கள் மேல் திரும்பும்.

மாமியாரும் நகையும் வேறு வழக்கு. இங்கே கேள்வி ஒன்றுதான்: இது கண்டிப்பா, கொடுமையா? 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பெற்றவர் நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 27-ஆம் பிரிவு. உங்கள் கணவரின் வக்கீல் முதலில் நீட்டுவது இதைத்தான். மார்க்குக்காகப் பெல்ட்டை எடுப்பதில் நல்லெண்ணம் இல்லை என்று நாம் சொல்லலாம். அப்போது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75 வரும்: பிள்ளையைக் கொடுமை செய்ததற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் தடிப்பு மறைந்திருக்கும். மறையாமல் இருப்பது அந்தப் படுக்கை நனைப்பும் பயமும்தான். நாளைக்கே அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். ஓ.பி. சீட்டில் பதிவாகட்டும். போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள், ஸ்டேட்டஸில் போடவே கூடாது.

அப்புறம், போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த 'இரண்டு அடி'. குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். அடித்தவரை மட்டுமல்ல, பிள்ளையைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு அடிபட விட்டவரையும் பிரிவு 75 கேட்கும். இத்தனை நாள் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பார்கள். மறைக்காதீர்கள், நீங்களே மனுவில் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் மீதி உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

இதைவிட நான் பயப்படுவது, பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதை. என்னிடம் வந்த ஒரு வழக்கில் எட்டு வயதுப் பெண் நீதிபதியின் அறையில், "அப்பா என்னை மனரீதியாகத் துன்புறுத்தினார்" என்றாள். எட்டு வயதில் எந்தப் பிள்ளை அப்படிப் பேசும்? முதுகில் இருந்த தழும்பு நிஜம். ஆனாலும் அம்மா சொல்லிக்கொடுத்தது என்று நீதிபதி முடிவு கட்டிவிட்டார். வாரக் கடைசியெல்லாம் அவள் அப்பாவோடு போக வேண்டியதாயிற்று. அந்தக் குழந்தையின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கைதாகி 48 மணி நேரம் உள்ளே இருந்தால் அரசு ஊழியருக்குச் சஸ்பென்ஷன். சம்பளம் பாதியானால் உங்கள் ஜீவனாம்சமும் இறங்கும். "என்னால்தான் அப்பா ஜெயிலுக்குப் போனார்" என்று பையன் காலமெல்லாம் சுமப்பான்.

ஆகவே சமரசம்தான் என் யோசனை, நீதிமன்றம் வழியாக. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 21-இல் தற்காலிகப் பொறுப்பு கேளுங்கள். பையன் உங்களோடு இருக்கட்டும். கை வைக்க மாட்டேன் என்று கணவர் எழுதித் தரட்டும், கவுன்சலிங் போகட்டும், மூன்றாம் ஆள் முன்னிலையில் மட்டும் பார்க்கட்டும். எல்லாம் நீதிமன்ற உத்தரவில் ஏற வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்குவதை நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள். மறுபடி கை வைத்தால் அன்றே குழந்தைகள் உதவி எண் 1098, அன்றே பிரிவு 75 புகார். அதற்குமேல் சமரசப் பேச்சே வேண்டாம்.

இன்றிலிருந்து பையனிடம் நீங்களாக எதையும் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் மடியில் வைத்துக் கேளுங்கள். அவன் தூங்கிய பிறகு, அவன் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள்.